முதியோர் இல்லங்களுக்கு யார் மதிப்பெண் போடுவது?

பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க இடம் பார்க்கப் போகும் குடும்பத்தினர் எதையெல்லாம் கவனிக்கிறார்கள்? அறை காற்றோட்டமாக இருக்கிறதா, குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா, சாப்பாடு எப்படி, பக்கத்தில் மருத்துவமனை உண்டா என்று பார்க்கிறார்கள். மேலாளர் மரியாதையாகப் பேசினால் பாதி முடிவாகிவிடும். முன்பணமும் மாதக் கட்டணமும் படிந்துவந்தால் மீதிப் பாதியும் முடிந்தது. ஆனால், இரவு இரண்டு மணிக்கு அம்மா கழிப்பறைக்குப் போகக் குரல் கொடுத்தால் யார் எழுந்து வருவார்கள் என்பதை இவற்றில் எதுவுமே சொல்வதில்லை. ஓர் இல்லத்தின் தரம் என்பது பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை இனி பல லட்சம் குடும்பங்கள் கேட்கவிருக்கின்றன. 2021க்கான மதிப்பீட்டின்படி மாநில மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6%. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031இல் இது 18.2% ஆகும் என்கிறது தேசியப் புள்ளியியல் அலுவலகம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முதியவர். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் இருப்பார்கள். ஆனாலும், பக்கவாதத்தாலோ மறதிநோயாலோ முழுநேரக் கவனிப்பு தேவைப்படுகிறவர்களுக்கு வீட்டில் ஆள் இல்லாமல் போவது அதிகரித்துக்கொண்டே இருக்கிறது.

சட்டம் இதற்குத் தயாராக இல்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கக்கூடிய முதியோர் இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்று அதன் 19ஆவது பிரிவு சொல்கிறது. அந்த இல்லங்களுக்கான தரத்தை வகுக்கவும் அதிகாரம் தருகிறது. தனியார் பராமரிப்பு இல்லங்களைப் பதிவு செய்யவும் குறைந்தபட்சத் தரத்தை நிர்ணயிக்கவும் வழிசெய்யும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, நிலைக்குழுவுக்குப் போனது, 17ஆவது மக்களவையின் காலம் முடிந்தபோது காலாவதியானது.

எப்படியும் ஒருநாள் நாம் தர அளவுகோல்களை எழுதத்தான் போகிறோம். எழுதும்போது எதை அளக்க வேண்டும், யார் சொல்லும் கணக்கை நம்பக் கூடாது என்பதற்கு அமெரிக்காவின் அனுபவம் நல்ல பாடம்.

நட்சத்திரங்களின் கதை

அமெரிக்காவில் சுமார் 15,000 பராமரிப்பு இல்லங்களில் 12 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவற்றின் அவலத்தை 1986இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு விரிவாகப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டே சீர்திருத்தச் சட்டம் வந்தது. முதியவர்களைக் காரணமின்றிக் கட்டிலோடு கட்டிவைப்பதற்குத் தடை, உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, முன்னறிவிப்பு இல்லாத ஆய்வு ஆகியவை அதன் முக்கிய அம்சங்கள். 2008 டிசம்பரில், குடும்பங்கள் எளிதாக ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் முறை தொடங்கியது.

மூன்று அடிப்படைகளில் நட்சத்திரம் கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் நேரில் கண்டது ஒன்று. பணியாளர் எண்ணிக்கை இரண்டாவது. படுக்கைப்புண், கீழே விழுதல், மருந்துப் பயன்பாடு போன்ற தரக் குறியீடுகள் மூன்றாவது. இவற்றில் முதலாவதை மட்டுமே வெளியாள் எழுதினார். மற்ற இரண்டையும் இல்லங்களே எழுதிக் கொடுத்தன. மாணவரே விடைத்தாளைத் திருத்திக்கொள்ளும் தேர்வு எப்படி நடக்குமோ அப்படியே நடந்தது.

பணியாளர் கணக்கில் அது முதலில் அம்பலமானது. ஆய்வுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் இருந்த எண்ணிக்கையை இல்லங்கள் தெரிவித்துவந்தன. 2016 முதல் சம்பளப் பட்டியலின் அடிப்படையிலேயே கணக்கைத் தர வேண்டும் என்றானது. 2018இல் அந்தத் தரவு மதிப்பெண்ணுக்குள் வந்தபோது, பெரும்பாலான இல்லங்களில் முன்பு சொன்னதைவிடக் குறைவானவர்களே வேலை செய்தது தெரிந்தது. சனி, ஞாயிறுகளில் எண்ணிக்கை இன்னும் சரிந்தது.

கீழே விழுந்தவர்களின் கணக்கும் இப்படித்தான். பலத்த காயத்தோடு விழுந்து மருத்துவமனைக்குப் போனவர்களின் காப்பீட்டுப் பதிவுகளை, இல்லங்கள் தாமாகத் தெரிவித்த எண்ணிக்கையோடு சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். அப்படி விழுந்த சம்பவங்களில் 57.5% மட்டுமே இல்லங்களின் அறிக்கையில் இருந்தன.

மருந்து விஷயம் இதைவிட மோசம். மறதிநோய் உள்ளவர்களை அமைதியாக வைத்திருக்க, மனநோய்க்குத் தரும் வீரியமிக்க மாத்திரைகளைக் கொடுப்பது அங்கே பரவலாக இருந்தது. அது உயிருக்கே ஆபத்து என்பதால் அதன் பயன்பாட்டை ஒரு தரக் குறியீடாக வைத்தார்கள். மனச்சிதைவு உள்ளிட்ட சில நோய்கள் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. விளைவு? பல இல்லங்களில் முதியவர்களுக்குத் திடீரென்று மனச்சிதைவு நோய் ‘கண்டறியப்பட்டது’. நியூயார்க் டைம்ஸ் 2021இல் இதை வெளிக்கொண்டுவந்தது. 2023இல் அரசு, இந்த நோய்ப் பதிவுகளைத் தணிக்கை செய்யத் தொடங்கியது.

நட்சத்திர முறையே வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. குறையைக் கண்டுபிடித்ததும் அதே அரசுத் தரவும் அதைத் தோண்டிய பத்திரிகைகளும் பல்கலைக்கழகங்களும்தான். தரவே இல்லாத நமக்கு அந்த வாய்ப்புகூட இல்லை. ஆனால், இல்லத்தின் வாய்மொழியை மட்டும் நம்பிப் போடும் மதிப்பெண் வெறும் விளம்பரமாகிவிடும் என்பது இந்தக் கதையில் ஐயமறத் தெரிகிறது.

இரவுப் பணியின் கணக்கு

அப்படியானால் எதை அளப்பது? முதலில், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது படுக்கைப்புண் வராமல் தடுப்பதற்கான பழைய விதி. இரவு எட்டு மணி முதல் காலை ஆறு வரை ஒருவருக்கு ஐந்து முறை. பத்துப் பேர் என்றால் ஐம்பது முறை. திருப்பி, டயப்பர் பார்த்து, துடைத்து முடிக்கப் பத்து நிமிடம் என்றே வைப்போம். மொத்தம் 500 நிமிடங்கள். அதாவது எட்டு மணி இருபது நிமிடங்கள். அதையும் பாதுகாப்பாகச் செய்ய இரண்டு பேர் வேண்டும். பத்துப் படுக்கை நோயாளிகளுக்கு இரவில் ஓர் ஆயா மட்டுமே இருக்கும் இல்லத்தில் அவர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் புண் வரத்தான் செய்யும். அது அவருடைய தவறல்ல. ஆள் போடாத நிர்வாகத்தின் தவறு.

அமெரிக்க அரசுக்காக 2001இல் நடந்த ஆய்வு, ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேரச் செவிலியர், உதவியாளர் கவனிப்பு தேவை என்றது. 2024இல் வந்த விதி 3.48 மணி நேரத்தைக் கட்டாயமாக்கியது. இல்ல உரிமையாளர்களின் வழக்கில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 2025இல் அந்த விதியை ரத்து செய்துவிட்டது. ஆள் கிடைக்கவில்லை, செலவு தாங்காது என்பதுதான் உரிமையாளர்களின் வாதம். அந்த 3.48 மணி நேரத்தை நம் ஊருக்குப் பெயர்த்துப் பார்த்தால், முப்பது பேர் இருக்கும் இல்லத்துக்கு நாளொன்றுக்கு 104 மணி நேர வேலை. 12 மணி நேர ஷிஃப்ட்டில் பகலும் இரவும் சேர்த்து ஒன்பது பேர். எழுந்து நடமாடக் கூடியவர்களுக்கு இதைவிடக் குறைவாகவும் படுக்கையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகவும் தேவைப்படும்.

எண்ணிக்கையோடு நிலைத்தன்மையும் முக்கியம். மறதிநோய் உள்ள பெரியவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எதைக் கொடுத்தால் விழுங்கத் திணறுவார் என்பது பல மாதம் பழகிய ஆளுக்கே தெரியும். குறைந்த சம்பளத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் இல்லத்தில் அந்த அறிவு சேர்வதே இல்லை. 2022 முதல் அமெரிக்கா பணியாளர் வெளியேற்ற விகிதத்தையும் வார இறுதிப் பணியாளர் எண்ணிக்கையையும் மதிப்பெண்ணில் சேர்த்தது இதனால்தான்.

குடும்பங்கள் கேட்க வேண்டியவை

அரசு விதி வரும்வரை குடும்பங்கள் காத்திருக்க முடியாது. இல்லத்தை முதலில் பார்க்கப்போவது நிர்வாகம் சொன்ன நேரத்தில் இருக்கட்டும். இரண்டாவது முறை ஞாயிறு மாலையோ இரவு உணவு நேரத்திலோ சொல்லாமல் போக வேண்டும். இரவில் பணியில் இருப்போர் எத்தனை பேர், படுக்கையில் இருப்போர் எத்தனை பேர் என்று கேட்டு, மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் வேலை செய்பவர்கள் யார் யார் என்று கேட்க வேண்டும். தானாகச் சாப்பிட முடியாதவருக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறார்களா, தட்டை வைத்துவிட்டுப் போய் அரை மணி கழித்து எடுத்துச் செல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, நகம் வெட்டப்பட்டிருக்கிறதா, கண்ணாடியும் பல்செட்டும் அவரவரிடம் இருக்கின்றனவா என்பவை சிறிய அடையாளங்கள்; ஆனால் ஏமாற்றாதவை.

சேர்த்த பிறகு மாதம் ஒருமுறை எடை பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாதத்தில் 5%, ஆறு மாதத்தில் 10% எடை குறைந்தால் எச்சரிக்கை என்பது மருத்துவ நடைமுறை. ஐம்பது கிலோ அம்மாவுக்கு 5% என்பது இரண்டரை கிலோ. பார்க்கப் போகும்போது குதிகாலையும் முதுகின் கீழ்ப்பகுதியையும் கண்ணால் பாருங்கள். படுக்கைப்புண் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பகல் முழுக்கத் தூங்கிக்கொண்டே இருந்தால் என்ன மாத்திரை, யார் எழுதியது என்று சீட்டை வாங்கிப் படியுங்கள். பொங்கல் விழாப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும் இல்லம் எடைப் பதிவேட்டையும் அனுப்பலாமே.

ஆனால், கேட்பதற்கு ஆள் இருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம். 2018இல் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் 2023இல் விழுப்புரம் மாவட்டத்திலும் ஆதரவற்றோர் தங்கியிருந்த விடுதிகள் மீது கடுமையான புகார்கள் எழுந்து, அங்கிருந்தவர்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டதை மறந்துவிட முடியாது. பணம் கட்டும் குடும்பத்துக்கும் தயக்கம் உண்டு. குறை சொன்னால் ‘அழைத்துக்கொண்டு போங்கள்’ என்பார்கள்; நாம் திரும்பிய பிறகு அம்மாவிடம் கோபத்தைக் காட்டுவார்களோ என்ற பயமும் இருக்கும். ஆகவே, தனிமனித விழிப்புணர்வு அரசின் பொறுப்புக்கு ஈடாகாது.

அரசு செய்ய வேண்டியவை

தமிழ்நாடு அரசு நான்கு காரியங்களிலிருந்து தொடங்கலாம். முதலாவதாக, இலவச இல்லமோ கட்டண இல்லமோ, ஒவ்வொன்றும் பகல், இரவுப் பணியாளர் எண்ணிக்கையையும் தங்கியிருப்போர் எண்ணிக்கையையும் வாசல் பலகையிலும் அரசு இணையதளத்திலும் வெளியிட வேண்டும். அந்த எண்ணிக்கையை வாய்ச்சொல்லாக ஏற்காமல் சம்பளம் வழங்கிய வங்கிப் பதிவோடும், பொருந்தும் இடங்களில் இஎஸ்ஐ, பிஎஃப் கணக்கோடும் சரிபார்க்க வேண்டும். இரண்டாவதாக, இரவிலும் விடுமுறை நாட்களிலும் செவிலியர் ஒருவரோடு முன்னறிவிப்பின்றி ஆய்வு நடத்தி, அறிக்கையைப் பொதுவில் வைக்க வேண்டும். மூன்றாவதாக, இல்லத்திலிருந்து படுக்கைப்புண்ணோடோ எலும்பு முறிவோடோ வரும் முதியவரைப் பற்றி மருத்துவமனைகள் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் தருவதைக் கட்டாயமாக்க வேண்டும். நான்காவதாக, முதியவர்களின் சார்பில் பேச வெளியாட்கள் வேண்டும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் குறைதீர் அலுவலரும் அவருக்கு உதவும் தன்னார்வலர்களும் 1978 முதல் சட்டப்படி இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற செவிலியர்களையும் ஆசிரியர்களையும் கொண்டு இங்கும் அதைச் செய்யலாம். 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. கட்டிலை விட்டு எழ முடியாதவர் அதை எப்படி அழைப்பார்?

கட்டுப்பாடுகள் வந்தால் சிறிய தொண்டு இல்லங்கள் மூடப்பட்டுவிடும் என்ற அச்சம் நியாயமானது. எனவே, கட்டட விதிகளில் அவற்றுக்கு அவகாசம் கொடுங்கள். பண உதவி செய்யுங்கள். ஆனால், எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்று பலகையில் எழுதச் செலவு ஏதும் இல்லை. எடை பார்க்கும் கருவிக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். இந்த இரண்டைக்கூடச் சொல்ல மறுக்கும் இல்லத்தில், அது எவ்வளவு அழகான கட்டடமாக இருந்தாலும், பெற்றோரைச் சேர்க்காதீர்கள்.