சிவப்புப் பாட்டில்

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். ஸ்க்ரூ டிரைவரை அங்கே 'தூர்ன்விஸ்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். விஸ் என்றால் திருகாணி, அதைத் திருப்புவது தூர்ன்விஸ். வீட்டில் அப்பா அதைத் திருப்புளி என்பார். திருப்புகிற உளி. இரண்டு பேச்சிலும் திருப்புவதுதான் முக்கியம். முடுக்குகிறவன் எவனும் கழற்றுகிறவனையும் மனதில் வைத்துக்கொண்டுதான் முடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் நான் எப்படிச் சேர்ந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

போன வருஷம் என் மனைவிக்கு இடது பக்கம் வராமல் போனது. சக்கர நாற்காலி வாங்க அலைந்துகொண்டிருந்தபோது, காலமான என் ஒன்றுவிட்ட அண்ணனின் நாற்காலியை அவர் மகனே கொண்டுவந்து கொடுத்தான். நல்ல வண்டி. ஆனால் அண்ணன் ஆறடி உயரம், என் மனைவி ஐந்தடிகூட இல்லை. உட்கார வைத்தால் கால் மிதிபலகையில் படாமல் அந்தரத்தில் தொங்கியது. "பள்ளிக்கூட பெஞ்சியில ஒக்காந்த மாதிரி இருக்குங்க" என்று முதல் நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பாதம் வீங்கியிருந்தது. பிசியோதெரபி செய்ய வரும் பெண்ணும், பாதம் பலகையில் படிய வேண்டும் ஐயா, இல்லாவிட்டால் தொடைக்கு அடியில் அழுத்தும் என்றாள்.

மிதிபலகையை ஏற்றி இறக்க ஒவ்வொரு பக்கமும் ஒரு போல்ட்டு. அலன் கீ போட்டுத் தளர்த்தினால் குழாய் உள்ளே போகும். ஐந்து நிமிஷ வேலை என்று உட்கார்ந்தேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தேன், தேங்காய் எண்ணெய் விட்டேன். சைக்கிள் கடைக்காரர் வந்து சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டி, கீயை முறுக்கியதில் ஆறுமூலைக் குழி கொஞ்சம் வழுக்க ஆரம்பித்தது. "டிரில் போட்டுடலாம் சார்" என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

அண்ணன் மகனுக்குப் போன் செய்தேன். "அப்பா வண்டி கடகடன்னு ஆடுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு சித்தப்பா. அதான் சிவப்பு பசை போட்டு இறுக்கிட்டேன்." தகப்பனுக்கு ஆசையாகச் செய்தது. அவனை என்னவென்று திட்டுவது?

திருகாணிப் பசை 1953ல் அமெரிக்காவில் வந்தது. ஹார்ட்ஃபோர்டில் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் க்ரீபிள் கண்டுபிடித்தார். லாக்டைட் என்று பெயர். காற்று படும்வரை தண்ணீராக இருக்கும். மரைக்குள் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில், காற்று இல்லாத இடத்தில் மாட்டினால் கெட்டியாகிவிடும். பாட்டிலையும் அதனால்தான் நிரப்பாமல், உள்ளே காற்றுக்கு இடம் விட்டு விற்கிறார்கள். பாதிதான் இருக்கிறது என்று கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். (நான் போட்டேன்.)

பொதுவாக ஊதா சின்னத் திருகாணிகளுக்கு. நீலம் நடுத்தரம், அதிராமல் பிடிக்கும், கை ஆயுதத்தால் கழற்றவும் முடியும். சிவப்புக்குச் சூடு காட்ட வேண்டும், சுமார் 250 டிகிரி செல்சியஸ். கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறலாம், லேபிளைப் படித்துக்கொள்ளுங்கள். நம் போல்ட்டு துருப்பிடித்து நிற்கவில்லை, பசையால் நிற்கிறது. எண்ணெய் துருவுக்கு மருந்து, பசைக்கு இல்லை. ஒரு ராத்திரி வீணாகப் போனது அதனால்தான்.

சூடு காட்டலாம் என்றால் குழாய்க்குள் பிளாஸ்டிக் புஷ், பக்கத்தில் பிளாஸ்டிக் பலகை. கேஸ் டார்ச் காட்டினால் எல்லாம் உருகிவிடும். எங்கள் தெருக்கோடியில் டிவி ரிப்பேர் செய்யும் தம்பிதான் வழி சொன்னார். சால்டரிங் அயர்ன் முனையை போல்ட்டின் குழிக்குள்ளேயே வைத்து, போல்ட்டை மட்டும் சூடாக்குவது. என்னிடம் இருந்த 25 வாட் போதவில்லை. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய 100 வாட் ஒன்று பிடித்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு (அந்தப் புகையை முகரக் கூடாது), ஈரத்துணியைக் குழாயில் சுற்றி, பொறுமையாக வைத்திருந்தோம். ஆறவிடக் கூடாது, ஆறினால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அயர்னை எடுத்த கையோடு கீயைப் போட்டு மெதுவாகத் திருப்பினார். முதலில் மெழுகு மாதிரி ஒரு இளக்கம், பிறகு 'கரக்'. மரையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம். இன்னொரு பக்கத்துக்கு அரை மணி ஆனது.

சிவப்பே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஓயாமல் அதிரும் இயந்திரத்தில், இனி யாரும் திறக்கப் போவதில்லை என்ற இடத்தில் அதற்கு வேலை உண்டு. ஆனால் நாற்காலி, கட்டில், வாக்கர் எல்லாம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிற சாமான்கள். அவற்றுக்கு நீலம் போதும், அல்லது உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு போதும். முப்பத்தைந்து வருஷம் ஃபைல் கட்டியவன் நான். காகிதத்தைக் கோந்து போட்டு ஒட்டாதே, டேக் போட்டுக் கட்டு, நாளைக்கு ஆடிட்காரன் பிரிப்பான் என்று என் முதல் சூப்பிரண்டு சொல்வார். பிரெஞ்சில் இந்தப் பசைக்கு 'ஃப்ரேன் ஃபிலே' என்று பெயர், மரைக்குப் போடும் பிரேக். பிரேக் என்றால் எடுக்க முடிய வேண்டும்தானே.

பலகையை ஏற்றி, இரண்டு போல்ட்டிலும் நீலம் ஒரு சொட்டு விட்டு முடுக்கினோம். பாதம் படிந்தது. ஒரு அட்டையில் 'நீலப் பசை, 5 மி.மீ. கீ' என்று எழுதி சீட்டுக்கு அடியில் கட்டினேன். டேக் போட்டுத்தான்.

"இது யாருக்குங்க?" என்றாள்.

"அடுத்து இதை வாங்கிக்கிட்டுப் போறவங்களுக்கு."

கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்துவிட்டு, "தேதியும் போடுங்க" என்றாள். போட்டேன்.