பிள்ளை இன்னும் பேசவில்லையா? காத்திருக்காதீர்கள்!

"அவன் அப்பனும் இப்படித்தான். 4 வயசுக்கு அப்புறம்தான் வாயைத் திறந்தான். இவனும் பேசுவான், பார்!"

பேச வேண்டிய வயதில் பேசாத குழந்தை உள்ள வீட்டில் இந்த வார்த்தையைக் கேட்கலாம். பாட்டி சொல்வாள். பக்கத்து வீட்டு அம்மாளும் சொல்வாள். பெற்றவள் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்வதுதான். ஆனால், அந்த ஆறுதலை நம்பி 2 வருஷம் ஓடிவிடுகிறது. குழந்தை பேச்சைக் கற்றுக்கொள்ளும் முக்கியமான காலமே அந்த 2 வருஷந்தான்.

தாமதமாகப் பேசத் தொடங்கி, பிறகு மற்றப் பிள்ளைகளைப் போலவே பேசும் குழந்தைகளும் உண்டு. அதை மறுப்பதற்கில்லை. ஆனால், எந்தக் குழந்தை தானாகப் பேசும், எந்தக் குழந்தைக்கு உதவி தேவை என்பதை வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. டாக்டரிடம் காட்டி, "பயம் இல்லை" என்று தெரிந்து வந்தால், ஒருநாள் அலைச்சலோடு போயிற்று. காட்டாமல் இருந்தால் நஷ்டம் குழந்தைக்கு.

எந்த வயதில் என்ன?

6 மாதத்துக்கு மேல் குழந்தை "பப்பப்பா", "தத்தத்தா" என்று ஒலி எழுப்பும். ஒரு வயதை ஒட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். ஓரிரு சொல் வரும். 2 வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும்.

இதில் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால், ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை, 2 வயதாகியும் இரண்டு சொல் சேரவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை விட்டுவிட்டால், எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும்.

குழந்தையின் விரலையும் கவனிக்க வேண்டும். சொல் வராவிட்டாலும், காக்கையைப் பார்த்து விரல் நீட்டி, அம்மா முகத்தையும் திரும்பிப் பார்க்கிற குழந்தை, "நான் பார்த்ததை நீயும் பார்" என்று சொல்கிறது. அதுவும் பேச்சுக்குச் சமம். ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, முகம் பார்க்கவில்லை, பொம்மைக் காரை ஓட்டாமல் சக்கரத்தை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறது என்றால், அது ஆட்டிசமாக இருக்கலாம். இருக்கலாம் என்பதுதான். டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் காது!

பேசாத பிள்ளையின் நாக்கையே எல்லாரும் பார்க்கிறார்கள். நாக்கு தடிப்பு என்று வசம்பு தேய்க்கிறார்கள். நாக்குக்கு அடியில் ஒட்டியிருக்கும் தசையை வெட்டச் சொல்கிறார்கள். அந்த ஒட்டினால் குழந்தை பால் குடிக்கத் திணறலாம். சில ஒலிகள் தெளிவில்லாமல் வரலாம். பேச்சே வராமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

முதலில் பார்க்க வேண்டியது காது. கேட்ட சொல்லைத்தானே குழந்தை திருப்பிச் சொல்லும்?

"கதவைச் சாத்தினால் திரும்புகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது" என்று பெற்றோர் நினைப்பது உண்டு. கதவு அடிக்கும் சத்தம் பெரியது. தரையில் அதிர்வும் தெரியும். அது கேட்கிற குழந்தைக்கு, "ச", "க", "த" போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடித்து, காதுக்குள் நீர் கோத்துக்கொண்டாலும் இப்படி ஆகும்.

காது பரிசோதனையில் ஊசியோ, வலியோ கிடையாது. குழந்தையைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதின் பின்னும் சிறிய ஒட்டுகளை ஒட்டி, காதில் சத்தம் கொடுப்பார்கள். அந்தச் சத்தம் மூளைவரை போகிறதா என்பதைக் கருவி காட்டிவிடும். இதற்குப் "பெரா" பரிசோதனை என்று பெயர். பிறந்த குழந்தைக்கே செய்யலாம். குறை தெரிந்தால், கைக்குழந்தைக்கே காதுக் கருவி மாட்டலாம். கருவி போதாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி வைக்கும் ஆபரேஷன் உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களின் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது செய்யப்படுகிறது. வயது ஏற ஏற, பலன் குறையும்.

தாய் மீது பழி

குழந்தை பேசாவிட்டால் வீட்டில் யாரைக் குற்றம் சொல்கிறார்கள்? தாயைத்தான்! "நீ கொஞ்சிப் பேசி வளர்க்கவில்லை" என்கிறார்கள். "வேலைக்குப் போனாய்" என்கிறார்கள். மாசமாக இருந்தபோது அவள் தின்றதையும் தின்னாததையும்கூட விசாரிக்கிறார்கள்.

படித்த டாக்டர்களே ஒரு காலத்தில் இப்படிச் சொன்னார்கள். அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 1943-ல் ஆட்டிசத்தைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதினார். அதன் பிறகு, தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று சிலர் கிளப்பிவிட்டார்கள். எத்தனையோ தாய்மார்கள் கண்ணீர் வடித்தார்கள். பெர்னார்டு ரிம்லண்டு என்ற மனநூல் அறிஞர், தாமே அப்படிப்பட்ட ஒரு மகனுக்குத் தகப்பனார். அவர் 1964-ல் புத்தகம் எழுதி அந்த வாதத்தை உடைத்தார். ஆட்டிசம் மூளை வளர்ச்சியைச் சேர்ந்தது. வளர்ப்பினால் வருவது அல்ல என்பது இன்று தெளிவாகிவிட்டது.

தடுப்பூசியால் வருகிறது என்பதும் பொய்யே. 1998-ல் அப்படி ஒரு கட்டுரையை வெளியிட்ட ஆங்கில மருத்துவப் பத்திரிகை, 2010-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நிலாவும் செல்போனும்

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியது அந்தக் காலம். செல்போனைக் காட்டி ஊட்டுவது இந்தக் காலம். நிலா பேசாது, அதனால் தாய் பேசினாள். செல்போன் ஓயாமல் பேசுகிறது. தாய் வாயை மூடிக்கொள்கிறாள்! 2 வயதுக்குள் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய உண்டு. செலவும் இல்லை. குளிப்பாட்டும்போது "இது கை, இது கால்" என்று சொல்லலாம். குழந்தை எதைப் பார்க்கிறதோ, அதைப் பற்றிப் பேச வேண்டும். கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. "பழம் வேணுமா?" என்று கேட்டுவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணும் வரை முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஓர் ஒலி, ஒரு சைகை, எது வந்தாலும் உடனே பழத்தைக் கொடுக்க வேண்டும். "சைகை பழகினால் பேச்சு வராது" என்று பயப்பட வேண்டாம். சைகையும் படமும் பேச்சுக்குத் துணையே. வீட்டில் இரண்டு மொழி புழங்குவதாலும் கெடுதல் இல்லை.

எங்கே போவது?

அங்கன்வாடிப் பணியாளரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ முதலில் சொல்லலாம். குழந்தைகளைப் பரிசோதிப்பதற்காக 2013-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தின்படி, மாவட்ட அளவில் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் தனி மையங்கள் ஏற்படுத்தப்பட்டன. "டி.இ.ஐ.சி. எங்கே?" என்று கேட்டால் வழி காட்டுவார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலும், மைசூரிலும் மத்திய அரசின் பெரிய நிலையங்கள் இருக்கின்றன. மைசூர் நிலையம் 1965-ல் பேச்சுக்காகவும் செவிக்காகவுமே தொடங்கப்பட்டது.

பயிற்சி, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடக்கும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பலன் கிடைக்காது. சில பிள்ளைகள் சரளமாகப் பேசும். சில பிள்ளைகள் பத்துச் சொல்லோடும் படத்தோடும் வாழப் பழகும். பசிக்கிறது, வலிக்கிறது என்று தன் வாயாலோ கையாலோ சொல்லத் தெரிந்துவிட்டால், வீட்டில் பாதி அழுகை அடங்கிவிடும். பள்ளிக்கூடம் போகவும் இந்தப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. குறையைக் காட்டி அரசுப் பள்ளியோ, அரசு உதவி பெறும் பள்ளியோ கதவைச் சாத்த 2016-ம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தாய் மட்டும் தனியாகப் போவது வழக்கமாகிவிட்டது. தகப்பனாரும் போக வேண்டும். டாக்டர் சொல்வதை இருவரும் கேட்டால்தான், வீட்டில் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல முடியும். குழந்தைக்கு எந்த மாதம் என்ன சொல் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். புது இடத்தில் குழந்தை மிரண்டு போய் நிற்கும். ஆகவே, வீட்டில் அது விளையாடுவதை முன்கூட்டியே 2 நிமிஷம் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போய், டாக்டரிடம் காட்டலாம்.