விழுந்தால் தூக்க முடியுமா?

டிஸ்கி: நான் வண்டி நிபுணன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் அடுத்தவர் கடன் மனுக்களைப் புரட்டுகிறவன். ஆகவே இதில் குதிரைசக்தியைவிட கூட்டல் கழித்தல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

சண்டிகருக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த ஊரில் ஒரு வியாதி உண்டு. மே மாதம் பிறந்தால் போதும், அவனவன் பைக்கில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மணாலி, ஸ்பிதி, லடாக் என்று கிளம்பிவிடுவான். 47 வயதில் எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மூன்று வண்டி, ஓட்டிப் பார்த்தாகிவிட்டது.

முதலில் பி.எம்.டபிள்யூ. ஆர் 1300 ஜி.எஸ். 145 குதிரைசக்தி, பெட்ரோலோடு 237 கிலோ. இரண்டு சிலிண்டரும் இரு பக்கம் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் எடை கீழே தங்குகிறது, ஓடும்போது பாரமே தெரிவதில்லை. செயினும் கிடையாது, எண்ணெய் போடும் வேலை மிச்சம்.

அடுத்தது டிரையம்ப் டைகர் 900. மூன்று சிலிண்டர், 888 சிசி, 20 லிட்டர் டேங்க். ஓட்டிவிட்டு இறங்கவே மனசில்லை.

கடைசியாக, சென்னையில் தயாராகும் நம்ம ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. 40 குதிரைசக்தி, 196 கிலோ. ராஜதானியில் இருந்து இறங்கி பாசஞ்சரில் ஏறின மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன்!

ஆனால் நடுவில் ஒன்று நடந்தது. பெரிய வண்டி ஒன்றில் யூ டர்ன் எடுக்க ஓரமாக நிறுத்தினேன். ஜல்லி, லேசான சரிவு. என் உயரம் ஐந்தடி நாலங்குலம். வலது கால் தரையைத் தேடியது, தரை கிடைக்கவில்லை. வண்டி சாய ஆரம்பித்தது. ஷோரூம் பையன் ஓடிவந்து பிடித்திருக்காவிட்டால் இந்தப் பதிவை ஆஸ்பத்திரியில் இருந்து எழுதியிருப்பேன். எந்த வண்டி என்று சொல்ல மாட்டேன். தப்பு என் கால் மேல்.

கூட வந்திருந்த தங்கமணி கேட்டது ஒரே கேள்விதான்.

“ஏங்க, இது விழுந்தா தனியா தூக்குவீங்களா?”

அவர் சும்மா கேட்கவில்லை. 2024 ஆகஸ்டில் நாங்கள் வாடகை ஜீப்பில் காஸா போனோம். கிராம்பூவைத் தாண்டி ஒரு ஓடை. காலையில் கணுக்கால் அளவு இருக்கும் தண்ணீர், வெயில் ஏறிப் பனி உருகியதும் மத்தியானம் முழங்காலைத் தொடும். அதன் நடுவில் ஒருவர் பெரிய பைக்கோடு விழுந்து கிடந்தார். பெட்டி, பெட்ரோல், மூட்டை எல்லாம் சேர்த்தால் 280 கிலோவுக்குக் குறையாது. தூக்க நாலு பேர் தேவைப்பட்டது. குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதம்தான். ஷூ லேஸ் கட்டினாலே மூச்சு வாங்கும். இதில் முதுகு வேறு எனக்கு எப்போதும் ஒத்துழையாமை இயக்கம்.

“சரி, மலை வேண்டாம், ஹைவேயில் பறக்கலாமே” என்றார் ஆபீஸ் நண்பர். எங்கே பறப்பது? மும்பை-புணே எக்ஸ்பிரஸ்வேயில் பைக்குக்கு அனுமதி கிடையாது. பெங்களூரு-மைசூரு எக்ஸ்பிரஸ்வேயின் பிரதான பாதையிலும் 2023 ஆகஸ்டில் தடை போட்டுவிட்டார்கள். மிச்சமிருக்கும் ரோட்டில் எதிர்ப்பக்கம் வரும் டிராக்டருக்கும் படுத்திருக்கும் மாட்டுக்கும் நடுவே 145 குதிரையை எங்கே மேய்ப்பது?

இனி என் துறை. 2024-ல் ஜி.எஸ். இங்கே வந்தபோது ஷோரூம் விலையே 20 லட்சத்துக்கு மேல். 20 லட்சம் கடன், 10 சதவிகித வட்டி, ஐந்து வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 42,500 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் ஐந்தரை லட்சம். அந்த வட்டியில் ஒரு ஹிமாலயன் வாங்கி, மிச்சத்தில் குடும்பத்தோடு நாலு தடவை ஊருக்குப் போய் வரலாம். (2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேல் ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம். ஹிமாலயனும் தப்பவில்லை.) அதோடு அடுத்த மாற்றல் எந்த மூலைக்கோ? அங்கே சர்வீஸ் சென்டர் இருக்குமா? நம்மைப்போல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுகிறவர்கள் இதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

பெரிய வண்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னால் மனைவி, ஒரே நாளில் 600 கிலோமீட்டர் நல்ல ரோடு, கூட நாலு நண்பர்கள் என்றால் அந்த சொகுசும் பிரேக்கும் கொடுத்த காசுக்குத் தகும். உயரமும் பலமும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர் போகிற இடத்துக்கு வண்டி வாங்குவதில்லை, பார்க்கிறவன் கண்ணுக்கு வாங்குகிறோம்.

கடன் கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “எதுக்கு சார் இது?” என்னிடம் கேட்டுக்கொண்டேன். காஸா போக, முழுசாகத் திரும்பி வர. அதற்கு 40 குதிரை போதும்.

ஹிமாலயனுக்கு முன்பணம் கட்டியாச்சு. ஷோரூமிலேயே அதைச் சாய்த்து வைக்கச் சொல்லித் தனியாகத் தூக்கிக் காட்டினேன்.

மூன்றாவது முயற்சியில் :-)