எண்பதைத் தாண்டிய குரல்



வயதான பாடகரின் புதிய இசைத்தட்டு என்றால் பலருக்கும் கொஞ்சம் தயக்கம் வரும். நமக்குப் பழக்கமான அந்தப் பழைய குரல்தான் காதில் நிற்கும். ஆனால், பிரேசிலின் மில்டன் நாசிமென்டோவும் அமெரிக்காவின் பாஸ் கலைஞர் எஸ்பெரான்சா ஸ்பால்டிங்கும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ‘மில்டன் + எஸ்பெரான்சா’ ஜாஸ் ஆல்பத்தைத் தயங்காமல் கேளுங்கள்.

1942இல் பிறந்த மில்டன், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் ட்ரெஸ் பொன்டாஸ் என்ற ஊரில் வளர்ந்தவர். அடிக்குரலில் தொடங்கி நினைத்த உயரத்துக்கு ஏறக்கூடியவர். 1973இல் ‘மிலாக்ரி டோஸ் பெய்ஷிஸ்’ ஆல்பத்துக்கான பாடல் வரிகள் பலவற்றை ராணுவ ஆட்சியின் தணிக்கை தடைசெய்தது. மில்டன் அந்தப் பாடல்களைச் சொற்களே இல்லாமல் பாடிப் பதிவு செய்தார். அழுகையாகவும் அறைகூவலாகவும் எழும் அந்தக் குரலை எந்தத் தணிக்கையாலும் வெட்ட முடியவில்லை.

அடுத்த ஆண்டே சாக்ஸபோன் மேதை வெய்ன் ஷார்ட்டர் அவரோடு சேர்ந்து ‘நேட்டிவ் டான்சர்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். அதில் ஐந்து பாடல்கள் மில்டனுடையவை. 1984இல் பிறந்த எஸ்பெரான்சா, அந்த ஆல்பத்தின் வழியாகத்தான் மில்டனைக் கண்டடைந்தார். அதன் முதல் பாடலான ‘பொன்டா டி அரெய்யா’வையே 2008இல் தன் ஆல்பத்துக்கும் முதல் பாடலாக வைத்தார்.

2022 நவம்பரில் பெலோ ஹொரிசோன்ட் நகரின் மினெய்ராவ் ஸ்டேடியத்தில் பாடி, மேடைக்கு விடை கொடுத்தார் மில்டன். அதற்குப் பிறகு பதிவானது இந்த ஆல்பம். குரல் தணிந்திருக்கிறது, மூச்சு சீக்கிரம் முடிகிறது. எஸ்பெரான்சா எதையும் மூடி மறைக்கவில்லை. மில்டன் முடிக்கும் இடத்தில் தொடங்குகிறார், தேவைப்படும் இடத்தில் தாங்குகிறார். 1972இன் ‘காய்ஸ்’ பாடலை இப்போது கேட்கும்போது, இளமைக் குரலில் இல்லாத ஒரு கனிவு கிடைக்கிறது. கடைசிப் பாடல் ஷார்ட்டருடையது. அவர் 2023 மார்ச்சில் மறைந்துவிட்டார். அந்தப் பாடலில் அவருடைய மனைவி கரோலினாவும் சேர்ந்து பாடுகிறார்.

ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டை எல்.பி.யாகவே கிடைக்கிறது. மற்றவர்கள் கையில் இருக்கும் கருவியில் கேட்கலாம். முதலில் ‘நேட்டிவ் டான்சர்’, பிறகு இது என்று வரிசையாகக் கேளுங்கள். உங்களுக்குத் தோன்றியதை எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்