உப்புத் தண்ணிக்குப் பேரு எச்சிலாம்!

எச்சிலுக்கெல்லாம் ஒரு பதிவான்னு மூஞ்சியைச் சுளிக்காதீங்க மக்கா, மேட்டர் சீரியஸ்.

எங்க வடலூர்ல ஆலங்குச்சியைக் குறை சொன்னா சும்மா விடமாட்டோம். வள்ளலாரே நித்திய கரும விதியில ஆலங்குச்சி, வேலங்குச்சியால பல் அழுக்கெடுக்கச் சொன்னவர். பக்கத்துத் தெருப் பையன் ஒருத்தன் பல் டாக்டருக்குப் படிக்கிறான். ஆலம்பட்டைச் சாறு எனாமலை அமிலத்துலேர்ந்து காப்பாத்துமான்னு ப்ராஜெக்ட். பிடுங்கின பல்லை செயற்கை எச்சில்ல ஊறப்போட்டு சோதிச்சானாம். "ஒண்ணும் பிரயோஜனம் இல்லண்ணே"ங்கிறான்.

"அந்த எச்சில்ல என்னடா இருக்கு?"

பொட்டாசியம் குளோரைடு, சோடியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு, பாஸ்பேட், யூரியா... ஃபுசயாமா-மேயர் ஃபார்முலாவாம். உலகம் பூரா லேப்ல புழங்குறதுதான். ஆனா புரதம்? மருந்துக்குக்கூட கிடையாது!

ஆலங்குச்சி ஏன் துவர்க்குது? அதுல இருக்கிற டானின், எச்சில்ல இருக்கிற புரதத்தைப் பிடிச்சுக்குது. வழுவழுப்பு போயிடுது. அதான் துவர்ப்பு. பல் விளக்கின சில நிமிஷத்துலயே எச்சில் புரதம் எனாமல் மேல மெல்லிசா ஒரு படலமா ஒட்டிக்கும். அமிலம் முதல்ல மோதுறது அதுலதான். டீயில இருக்கிற பாலிஃபீனால் அந்தப் படலத்தைத் தடிப்பாக்குதுன்னு ஏற்கனவே காட்டியிருக்காங்க. படலமே உருவாகாத உப்புத் தண்ணியில சோதிச்சுட்டு 'பலன் இல்லை'ன்னா, மாவு ஊத்தாமலே தோசைக்கல்லைக் குறை சொன்ன கதைதான். 'பலன் உண்டு'ன்னு வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

நிஜ எச்சில் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும், எடுத்து வச்சா கெட்டுப்போகும். ஒத்துக்கறேன். பல்லுக் கம்பி அரிக்குதான்னு பார்க்க, ஒரு லேப் முடிவை இன்னொண்ணோட ஒப்பிட, ஒரே மாதிரி தண்ணி வேணும்தான். ஆனா பல பேர் 'செயற்கை எச்சில்'னு ரெண்டு வார்த்தை எழுதிட்டு செய்முறையே போடாம போறாங்களே, அது என்ன நியாயம்? கால்சியமும் பாஸ்பேட்டும் எவ்வளவுங்கிறதைப் பொறுத்து அதே தண்ணி எனாமலைத் தேத்தவும் செய்யும், கரைக்கவும் செய்யும்.

கதிர்வீச்சு சிகிச்சையில வாய் காஞ்சுபோனவங்களுக்கு விக்கிற செயற்கை எச்சில்ல, வழுவழுப்புக்கு கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் மாதிரி ஏதாவது சேர்ப்பாங்க. நோயாளிக்கு உப்புத் தண்ணி பத்தாதுன்னு தெரியுது, ஆராய்ச்சிக்கு மட்டும் பத்துமாக்கும்!

"முதல்ல பல்லை நிஜ எச்சில்ல கொஞ்ச நேரம் ஊறவச்சுட்டு சோதியேண்டா"ன்னேன்.

"அதுக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கணும்ணே. நேரமில்ல."

"அப்ப தலைப்புல எச்சிலை எடுத்துடு. 'உப்புத் தண்ணியில ஆலம்பட்டை'ன்னு போடு."

மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயிட்டான்.