புக்கிட் தெங்கா ஊழியர்கள், பொது அமைப்புகளின் கோரிக்கைச் சாசனம்

பினாங்கின் புக்கிட் தெங்காவிலும் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளிலும் வேலை செய்யும் ஊழியர்களும், இவ்வட்டாரப் பொது அமைப்புகளின் தொண்டர்களும் சேர்ந்து இச்சாசனத்தை நிறுவன நிர்வாகங்களின் முன் வைக்கிறோம். நிறுவனங்கள் நடத்தும் சமூகப் பணியில் பெயர் அவற்றுடையது, உழைப்பு எங்களுடையது. அப்பணியின் விதிகளை எங்களோடு பேசித்தான் வகுக்க வேண்டும்.

1. நிர்வாகம் ஏற்பாடு செய்யும் தொண்டு, வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வாராந்தர ஓய்வு நாளும் சட்டம் தந்த உரிமை. அடுத்த மாத ஷிப்ட் அட்டவணையிலேயே இதைச் சேர்க்கலாம்.

2. தொண்டு விருப்பத்தின் பேரில் மட்டுமே நடக்க வேண்டும். வராதவரின் போனஸிலோ ஆண்டு மதிப்பீட்டிலோ கை வைக்கக் கூடாது. அடுத்த மதிப்பீடு தொடங்குமுன் இதை எழுத்தில் தர வேண்டும்.

3. இரவு ஷிப்ட் ஊழியருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் தொண்டில் சம இடம் வேண்டும். ஒரே கூரையின் கீழ் உழைப்பவர்களைப் பிரிக்க நியாயமில்லை. அடுத்த பதிவிலிருந்தே எல்லாருடைய பெயரையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

4. என்ன தேவை என்பதை உதவி பெறும் அமைப்பே முடிவு செய்ய வேண்டும். கூரை ஒழுகும் வகுப்பறையின் சுவருக்கு மீண்டும் சாயம் பூசிப் படம் எடுப்பது உதவியாகாது. மின்வேலை, குழாய் வேலை, கணினி தெரிந்தவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். மழை வருமுன் அவர்களை அனுப்புங்கள்.

5. பொது அமைப்புகளுடனான கூட்டுப்பணிக்குக் குறைந்தது ஓராண்டு எழுத்து ஒப்பந்தம் வேண்டும். தீபாவளிக்கு அரிசி மூட்டைகள் குவியும் முதியோர் இல்லத்தில் பங்குனி மாதமும் அடுப்பெரிய வேண்டும். வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேயே இதற்கு நிதி ஒதுக்க வேண்டும்.

6. வெள்ளத்துக்கு முன்பே தொண்டர் பட்டியல், லாரி, படகு, பொறுப்பாளர் எல்லாம் தயாராக வேண்டும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கியதைக் கண்டோம். இவ்வேலை ஆகஸ்டு மாதத்துக்குள் முடிய வேண்டும்.

7. செலவிட்ட பணத்தையும் நேரத்தையும் ஆண்டுதோறும் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலத்தில் வெளியிட வேண்டும். அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குத் தரும் நன்கொடைக்கு 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வரிக்கழிவு தருகிறது. ஆகவே கணக்குக் கேட்பது பொதுமக்களின் உரிமை. இவ்வாண்டுக் கணக்கிலிருந்தே இதைத் தொடங்க வேண்டும்.

இவற்றை நடைமுறைப்படுத்த ஊழியர், பொது அமைப்பு, நிர்வாகம் ஆகிய மூன்று தரப்பும் சம எண்ணிக்கையில் அமரும் குழுவை ஒவ்வொரு நிறுவனமும் 60 நாட்களுக்குள் அமைக்க வேண்டும். எந்தக் கோரிக்கைக்கும் புதுச் சட்டம் தேவையில்லை. 60 நாட்களுக்கு மேல் தாமதித்தால், அதற்கான காரணத்தை நிர்வாகங்கள் எங்கள் முன் எழுத்தில் வைக்க வேண்டும்.