நான்கு குடித்தனமும் வாடகைக் கணக்கும்

சேக்கிழார் பெருமான் அவதரித்த குன்றத்தூரில், அவர் எழுப்பிய திருநாகேஸ்வரத்தையும் மலைமேல் முருகனையும் தரிசித்துத் திரும்பும் குடும்பங்கள் பல, ‘வீடு விற்பனைக்கு’ என்ற பலகைகளின் முன் சற்று நிற்கின்றன. நான்கு குடித்தனங்கள் உள்ள வீடு ஒன்றை வாங்கிவிட்டால் வாடகையிலேயே முதுமை கழிந்துவிடும் என்பது அவர்களின் எண்ணம். ஓய்வூதியம் இல்லாதவர்களுக்கோ அது வாழ்நாள் சேமிப்பையே ஒப்படைக்கும் முடிவு.

எடுத்துக்காட்டாக, வீட்டின் விலை 1 கோடியே 20 லட்சம் ரூபாய், குடித்தனம் ஒன்றுக்கு மாத வாடகை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு வரவு 4,80,000. அதாவது 4 சதவீதம். தரகர் சொல்லும் கணக்கு இதோடு முடிந்துவிடும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் சேர, முதலீடு 1 கோடியே 30 லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு பகுதியும் ஆண்டில் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 40,000 குறையும். சொத்து வரி, மோட்டார் பழுது, கழிவுநீர்த் தொட்டி, வெள்ளையடிப்பு என 60,000 போனால் மிஞ்சுவது 3,80,000. 3 சதவீதம்கூட இல்லை. இதில் 80 லட்சத்தை 8.5 சதவீத வட்டிக்குக் கடனாக வாங்கினால், முதலாண்டு வட்டியே ஏறத்தாழ 6,80,000. வாடகை முழுவதும் அதற்கே போதாது. நிலத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கைதான் மீதியை ஈடுகட்ட வேண்டும். நம்பிக்கை இருக்கலாம், மாதந்தோறும் மருந்துக் கடையில் அதைக் கொடுக்க முடியாது.

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் குன்றத்தூரை ஒட்டிச் சென்றே அடையாற்றில் கலக்கிறது. 2015 டிசம்பரில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதைப் பத்திரம் சொல்லாது. எதிர்வீட்டுப் பாட்டி சொல்வார். கோடையில் மட்டும் வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுப்பது விவேகமாகாது.

பழைமையான கோயில்கள் உள்ள ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அறநிலையத்துறையின் 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய அனுமதியின்றி விற்கப்பட்ட கோயில் நிலத்தின் கிரயம் செல்லாது. வில்லங்கச் சான்றோடு பட்டாவையும் மூலப் பத்திரங்களையும் வழக்கறிஞரிடம் காட்டிச் சர்வே எண்ணை ஒப்பிடுவது அவசியம். சிவன் சொத்து என்று தெரிந்தே வாங்குவோர் இலர். தெரியாமல் வாங்கியவருக்கும் பணம் எளிதில் திரும்புவதில்லை.

பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்கிக் கடனைக் குறைத்துவிடலாம் என்று கணக்கிடுவோரும் உண்டு. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க இடம் தரவில்லை. அதுவும் குடித்தனக்காரர் காலி செய்தபின் திருப்பித் தரவேண்டிய பணமே.